குதிரையை விற்கலாம், எக்ஸ்ரேயை மறைக்கலாமா?

ஜேர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இந்த முறை வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அந்த வீட்டில் யாரும் பரம்பரைக் குதிரைக்காரர் இல்லை. தாய்க்கு முதியோர் இல்லத்தில் வேலை, தகப்பனுக்குத் தொழிற்சாலையில். மகள் மட்டும் ஒன்பது வயதில் பக்கத்துப் பண்ணைக்கு லாயம் கூட்டப் போய், அங்கேயே ஏறப் பழகி, அங்கேயே வளர்ந்த பிள்ளை. ஐந்து வருடங்களுக்கு முன், தசைநார்க் காயத்தால் ஏறி ஓட முடியாமல் போன ஹனோவர் இனப் பெட்டைக் குதிரை ஒன்றைப் பண்ணைக்காரர் 2,500 யூரோவுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ஒப்பந்தம் தகப்பனின் பெயரில். பெயர்போன ஒரு டிரெசாஜ் (குதிரையின் நடை அழகுக்கான போட்டி) பொலிக்குதிரையின் விந்தை வாங்கிச் சினைப்படுத்த, ஆண் குட்டி ஒன்று பிறந்தது. அதன் உரித்துச் சான்றை மகளின் பதினாறாவது பிறந்தநாளுக்கு அவர் பெயரிலேயே எடுத்துக் கொடுத்தார்கள்.

குட்டிக்கு இப்போது மூன்றரை வயது. காயடித்து, இந்தக் கோடையில் எட்டு வாரம் பயிற்சியாளரிடம் விட்டுச் சேணத்துக்குப் பழக்கியும் ஆகிவிட்டது. மகளுக்கு வயது 19. வேறு நகரத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. லாய வாடகை மாதம் 420 யூரோ. தாய்க்குதிரைக்கு மேய்ச்சல் செலவு தனி. விற்பதென்று பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள்.

தொலைபேசியில் ஒருவர் 14,000 யூரோ கைக்காசாகத் தருகிறேன், இந்தச் சனிக்கிழமையே ஏற்றிக்கொண்டு போகிறேன், வைத்தியர் பரிசோதனை ஒன்றும் வேண்டாம் என்கிறார். பண்ணைக்காரரோ, "என்னிடம் விடுங்கள், உங்களுக்கு 12,000, அதற்கு மேல் வருவது எனக்கு" என்கிறார். கணவர் இரண்டையும் ஏற்கவில்லை. இதே பொலிக்குதிரையின் மகன் ஒன்று ஏலத்தில் 1,20,000 யூரோவுக்குப் போனது, நம்முடையது 40,000க்குக் குறையக் கூடாது, தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலை என்று கதைக்கிறாராம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு வயதில் பின்னங்கால் மூட்டு கொஞ்சம் வீங்கியிருந்து, மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். மூட்டுக்குள் சிறிய எலும்புத் துண்டு ஒன்று தெரிந்தது. "எடுக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம், குதிரை நொண்டவில்லையே" என்றாராம். அவர்கள் விட்டுவிட்டார்கள். வீக்கமும் வற்றிவிட்டது. "வாங்குகிறவர் கேட்காவிட்டால் நாங்களாகச் சொல்ல வேண்டுமா? 'பார்த்தபடி வாங்கியது' என்று ஒப்பந்தத்தில் எழுதினால் எங்களுக்குப் பொறுப்பு இல்லைதானே? 14 நாளைக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்களே, உண்மையா? தொலைபேசிக்காரரைப் பற்றி மகளுக்கு இன்னும் சொல்லவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, சனிக்கிழமைக்காரரிடம் இந்தச் சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. மூன்றரை வயதுக் குதிரையைப் பரிசோதனை இல்லாமல், கைக்காசு கொடுத்து, மூன்று நாளில் ஏற்ற நிற்பவர் ஒன்றில் விலை மலிவு என்று கண்டுகொண்டவர், அல்லது ஒரு மாதம் கழித்து வேறு விலை பேச வருபவர். இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல. உண்மையாகவே வேண்டும் என்பவர் பத்து நாள் பொறுப்பார்.

குதிரை யாருடையது?

இதை நீங்கள் கேட்கவே இல்லை. நான் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜேர்மன் சட்டப்படி தாய்க்குதிரை யாருடையதோ, குட்டியும் அவருடையது. ஆகவே பிறந்த அன்று குட்டி உங்கள் கணவருடையது. ஆனால் பிறந்தநாளன்று உரித்துச் சான்றை மகள் பெயரில் எடுத்து, "இது உனக்கு" என்று கையில் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து தீனி வைத்ததும் கழுவியதும் பயிற்சிக்குக் கூட்டிப் போனதும் அவர். எந்த நீதிபதியும் இதைப் பரிசு என்றே எடுத்துக்கொள்வார். லாய வாடகையை நீங்கள் கட்டி வந்தது அதை மாற்றாது.

கவனித்திருப்பீர்கள், உங்கள் மகளை 'அவர்' என்றே எழுதுகிறேன். 19 வயது, சட்டத்தின் முன் வளர்ந்த ஆள். அவர் சம்மதமும் கையெழுத்தும் இல்லாமல் நீங்களும் கணவரும் விற்றால், இன்னொருவரின் சொத்தை விற்றதாக ஆகும். பாசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளை வாங்கியவரோடு ஏதாவது பிணக்கு வந்தால், அவருடைய சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டப்போகிற காகிதம் அந்தப் பிறந்தநாள் சான்றுதான்.

குதிரைக்கு இரண்டு காகிதங்கள் உண்டு; நம்மவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். எக்விடன்பாஸ் என்பது குதிரையின் அடையாள அட்டை. சிப் இலக்கம், தடுப்பூசிகள், இறைச்சிக்கு அறுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் இருக்கும். குதிரை போகும் இடமெல்லாம் அதுவும் போக வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்பது தவறு. உரிமையைக் காட்டுவது இனவிருத்திச் சங்கம் கொடுத்த உரித்துச் சான்று. காசு முழுவதும் கணக்கில் விழும்வரை அதைக் கைவிடாதீர்கள்.

இரத்தத்துக்கு என்ன விலை?

உங்கள் குதிரை வார்ம்பிளட் வகை. வார்ம்பிளட் என்றால் உடம்பின் சூட்டைப் பற்றிய பேச்சு இல்லை. பந்தயக் குதிரையின் துடிப்பையும் வண்டிக் குதிரையின் நிதானத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து எடுத்த விளையாட்டுக் குதிரை அது. அதனால் வம்சப் பட்டியலுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. உங்கள் குதிரையின் தாய்வழியில் டோனர்ஹால் பெயர் வருகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1981இல் பிறந்த அந்த ஒல்டன்பேர்க் இனப் பொலிக்குதிரை, 1994இலும் 1998இலும் உலகப் போட்டிகளில் ஜேர்மன் அணியோடு தங்கம் வாங்கியது. ஆனால் அவ்வளவு குட்டிகளுக்குத் தகப்பன் ஆனதால், இன்று ஜேர்மனியில் ஒரு டிரெசாஜ் குதிரையின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

கணவர் சொல்லும் பழமொழிக்கு ஹல்லா என்ற குதிரையை எதிரே நிறுத்துகிறேன். ஜேர்மனியின் குதிரைக்காரர்களுக்கு அது தெய்வம் மாதிரி. 1956 ஒலிம்பிக்கில் தொடை இடுக்குத் தசை கிழிந்து வலியில் துடித்த சவாரி வீரர் விங்லரை முதுகில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய தானாகவே தடைகளைத் தாண்டித் தங்கம் வாங்கிக் கொடுத்த பெட்டை. அதற்குச் சொல்லும்படியான பெரிய வம்சம் கிடையாது. பிறகு அதைச் சினைப்படுத்தி எத்தனையோ கனவு கண்டார்கள். ஒரு குட்டிகூடத் தாயின் பக்கத்தில் வரவில்லை.

பெரிய விலைக்கும் இதே கதைதான். 2010இல் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய டோட்டிலாஸ் என்ற குதிரையை அதே வருடம் ஜேர்மனிக்கு வாங்கினார்கள். விலையை வெளியே சொல்லவில்லை, பத்திரிகைகள் ஒரு கோடி யூரோ அளவில் எழுதின. காயங்கள், லண்டன் ஒலிம்பிக்கைத் தவறவிட்டது, கடைசியில் 2015இல் ஆகென் நகரில் நொண்டிக்கொண்டு விடைபெற்றது. உலகிலேயே நிரூபித்துக் காட்டிய குதிரைக்கே இந்த நிலை என்றால், இன்னும் எந்தப் போட்டியும் காணாத பிள்ளைக் குதிரைக்கு வம்சம் ஒரு சிபாரிசுக் கடிதம், அவ்வளவுதான்.

அந்த 1,20,000 யூரோ மகனை மறந்துவிடுங்கள். பெயர்போன பொலிக்குதிரைக்கு விந்து மூலம் ஒரு வருடத்திலேயே நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறக்கும். அதனால்தான் குதிரைக்காரர்கள் ஒரே தாய் வயிற்றில் பிறந்ததை மட்டும் சகோதரம் என்பார்கள்; தகப்பன் ஒன்று என்பதற்கு அங்கே பெயரே இல்லை. ஏலத்துக்குப் போவதெல்லாம் சலித்து எடுத்தவை, மாதக்கணக்கில் ஆள் வைத்துத் தயார் செய்தவை. செய்தியில் வருவது அன்றைய முதல் விலை. வெர்டனிலோ ஃபெஃக்டாவிலோ நடந்த ஏலத்தின் முழு விலைப்பட்டியலை எடுத்து, நடுவிலும் அடியிலும் என்ன விலை இருக்கிறது என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலையை நான் சொல்ல முடியாது, என் தொழில் அதுவல்ல. யாரிடம் கேட்பதென்று சொல்லலாம்: உங்கள் இனவிருத்திச் சங்கத்தின் விற்பனை ஆலோசகர் ஒருவர், அப்புறம் இந்த விற்பனையில் ஒரு யூரோவும் ஆதாயம் இல்லாத பயிற்சியாளர் ஒருவர். கோடையில் சேணத்துக்குப் பழக்கியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தினமும் ஏற விருப்பமான குதிரையா?" மூன்றரை வயதில் அந்தப் பதிலுக்குத்தான் காசு.

அந்த எக்ஸ்ரே

ஊரில் மாடு வாங்கினால் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அந்த இடத்தில் எக்ஸ்ரே. 2018இல் திருத்தியமைத்த ஜேர்மன் வழிகாட்டி, வாங்கும் முன் எடுக்க வேண்டிய படங்கள் 18 என்று வரையறுக்கிறது. கொஞ்சம் விலையுள்ள இளம் குதிரையை வாங்குபவர் யாரும் இதை எடுக்காமல் விடுவதில்லை. ஆகவே "கேட்காவிட்டால்" என்ற உங்கள் எண்ணம் பெரும்பாலும் நடக்காது. அவர்களின் படத்திலேயே அந்தத் துண்டு தெரியும். அன்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

சரி, யாரும் படம் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் கழித்து மூட்டு வீங்குகிறது. மிருக வைத்தியசாலையில் எடுத்த படம் அவர்களின் கணினியில் இருக்கிறது, பில் உங்கள் பெயரில் இருக்கிறது. தெரிந்தே மறைத்த குறைக்கு எந்தப் பொறுப்புவிலக்கும் செல்லாது என்று ஜேர்மன் சிவில் சட்டக்கோவையின் 444ஆம் பிரிவு சொல்கிறது. வழமையான இரண்டு வருடக் காலக்கெடுவும் அப்போது உங்களுக்கு உதவாது. வாங்கியவர் குதிரையைத் திருப்பித் தந்து 14,000 யூரோவையும் கேட்கலாம், அந்த ஒரு வருட லாய வாடகையையும் லாடக் கூலியையும் கேட்கலாம். நீங்கள் கட்டுகிற 420 கணக்கில் பார்த்தாலே லாயத்துக்கு மட்டும் 5,040 யூரோ. திரும்பி வருவது நொண்டுகிற குதிரை.

என்னிடம் வந்த வழக்கு ஒன்றில், இருமுகிற குதிரையை விற்றவர் தன் சிநேகிதிக்கு அனுப்பிய ஒற்றை வரி வாட்ஸ்அப் செய்திதான் அவரைத் தோற்கடித்தது: "இன்னும் இருமுது, விற்றால் போதும்." சிநேகிதி இடையில் வாங்கியவருக்கும் சிநேகிதி ஆகிவிட்டார்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது. படத்தில் இருப்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் குறை இல்லை. 2007இலேயே கார்ல்ஸ்ரூ சமஷ்டி நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. குதிரை நன்றாக நடக்கிறது, நோய்க்குறி ஒன்றும் இல்லை, பின்னால் தொல்லை வரும் வாய்ப்பும் சிறிது என்றால், எலும்பு புத்தகத்தில் உள்ளபடி இல்லை என்பதற்காக மட்டும் அது குறையுள்ள குதிரை ஆகாது. 2017இல், ஐந்து லட்சம் யூரோவுக்கு விற்ற ஒரு டிரெசாஜ் குதிரையின் வழக்கிலும் அதே நிலைப்பாடுதான். உயிருள்ள பிராணி அச்சில் வார்த்த பொருள் இல்லை, இலட்சியப் படத்தோடு ஒப்பிடாதே என்பது நீதிமன்றத்தின் நோக்கு.

வாங்குபவர் ஒரு குறையைத் தெரிந்துகொண்டே வாங்கினால், பிறகு அதை வைத்து உங்களிடம் வர முடியாது. ஆகவே நீங்கள் மறைக்க நினைத்த அந்தப் படம்தான் உங்களுடைய கவசம். வைத்தியரிடமிருந்து படங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாக்கியம் போதும்: 'இடது பின்னங்கால் மூட்டில் எலும்புத் துண்டு ஒன்று இருப்பது இன்ன தேதியில் எடுத்த எக்ஸ்ரேயில் காணப்பட்டது, படங்கள் வாங்குபவரிடம் கொடுக்கப்பட்டன, அறுவைச் சிகிச்சை செய்யப்படவில்லை.' எந்தக் கால் என்று கடிதத்தில் இல்லை, சரியாகப் பார்த்து எழுதுங்கள். இதனால் விலை குறையலாம். சிலர் துண்டை எடுத்த பிறகு விற்பார்கள். அந்தச் செலவு விலையில் திரும்பி வருமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எடுத்தால், எடுத்ததையும் எழுத வேண்டும்.

'பார்த்தபடி வாங்கியது' எவ்வளவு தாங்கும்?

'கெகாஃப்ட் வீ கெசேன்' என்ற ஒற்றை வரியை இங்கே எல்லாரும் மந்திரம் போல நம்புகிறார்கள். 2017இல் ஒரு பழைய கார் வழக்கில் ஒல்டன்பேர்க் மேல் நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள்: அந்த வார்த்தை, சாதாரண ஆள் ஒருவர் சும்மா சுற்றிப் பார்த்தால் கண்ணில் படக்கூடிய குறைகளுக்கு மட்டும்தான். மூட்டுக்குள் இருக்கும் துண்டு எந்தக் கண்ணில் படும்? விலங்கு பொருள் அல்ல என்று சட்டம் சொன்னாலும், விற்பனையில் பொருளுக்குரிய விதிகளே அதற்கும் பொருந்தும்.

தனியாள் தனியாளுக்கு விற்கும்போது பொறுப்பு முழுவதையும் விலக்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை நேராகவே எழுத வேண்டும்: குறைகளுக்கான பொறுப்பு விலக்கப்படுகிறது, வேண்டுமென்றோ பாரதூரமான கவனயீனத்தாலோ ஏற்படுத்திய பாதிப்புக்கும், உயிருக்கும் உடம்புக்கும் வரும் பாதிப்புக்கும் இந்த விலக்கு இல்லை. பின்பாதியை விட்டுவிட்ட படிவங்கள் இணையத்தில் நிறைய உண்டு. மாதிரிப் படிவத்தில் அந்தப் பின்பாதி இல்லாவிட்டால் முழு விலக்கும் விழுந்துவிடக்கூடும்.

விலக்கு எழுதிய பிறகும் உங்களைச் சிக்க வைக்கக்கூடியது உங்கள் வாய்தான். கணவர் எழுதி வைத்திருக்கும் விளம்பரத்தை இணைத்திருந்தீர்கள். 'பெரிய போட்டிகளுக்குப் போகும்', 'குழந்தையும் ஏறலாம்', 'முற்றிலும் ஆரோக்கியம்' மூன்றையும் வெட்டிவிடுங்கள். இப்படிச் சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்ட தன்மை ஆகிவிடும். அதற்கு விலக்கு நிற்காது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எட்டு வாரப் பயிற்சி, மூன்று நடையும் சேணத்தின் கீழ், வண்டியில் ஏறும், லாடம் அடிக்க நிற்கும். மகள் எடுத்த வீடியோவில் நாற்பதாவது வினாடியில் அது துள்ளி உதைப்பதை வெட்ட வேண்டும் என்கிறாராம் கணவர். வெட்ட வேண்டாம். மூன்றரை வயது துள்ளாமல் இருந்தால்தான் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும்.

14 நாள் கதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1899இல் கெய்சர் காலத்து ஆணை ஒன்று குதிரைக்கு ஆறு பெரும் குறைகளை வரிசைப்படுத்தி, அவை 14 நாளுக்குள் தெரிந்தால் விற்றவர் பொறுப்பு என்றது. தொட்டியைக் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம்கூட அந்த ஆறில் ஒன்று! 2002 ஜனவரி முதல் அது வழக்கில் இல்லை. பழைய லாயக்காரர்கள் வாயில் மட்டும் இன்னும் வாழ்கிறது. நேரில் வந்து பார்த்துத் தனியாள் தனியாளிடம் வாங்கியதை, மனம் மாறிவிட்டது என்று திருப்பும் உரிமை கிடையாது.

நீங்கள் இன்னும் தனியாள்தானா?

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: போன வருடம் ஒரு பெண் குட்டியை 6,500க்கு விற்றோம், தாய்க்குதிரை மறுபடி சினையாக இருக்கிறது. இங்கே கொஞ்சம் நிற்போம். லாபம் பார்க்கவில்லை, பொழுதுபோக்குத்தான் என்பது போதாது. குதிரை விற்பனை ஒன்றில் 2006இல் சமஷ்டி நீதிமன்றம், லாப நோக்கம் இல்லாவிட்டாலும் ஒருவர் வியாபாரியாகக் கருதப்படலாம் என்றது. எத்தனை குட்டி என்று எல்லைக்கோடு கிடையாது. ஒழுங்காக, திட்டமிட்டு விற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. இதுவரை நீங்கள் இந்தப் பக்கம் என்றே நினைக்கிறேன். வருடத்துக்கு ஒரு குட்டி என்று போனால் அந்தப் பக்கம். அங்கே போனால், தனியாள் வாங்குபவருக்கு எதிராக இந்தப் பொறுப்புவிலக்கை எழுதவே முடியாது. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வரிக் கணக்கும் மாறும். அடுத்த வருடம் சினைப்படுத்துவதற்கு முன் வரி ஆலோசகர் ஒருவரோடு அரை மணி நேரம் இருந்து பேசுங்கள்.

பண்ணைக்காரரின் யோசனை

'உங்களுக்கு 12,000, மிச்சம் எனக்கு' என்பது சட்டவிரோதம் இல்லை, இங்கே நடக்கிறதுதான். ஆனால் அவர் 25,000க்கு விற்றாலும் உங்களுக்கு 12,000தான். அது தெரிந்து சம்மதிப்பதென்றால் சரி. எனக்குப் பிடிக்காதது வேறு. விற்பவர் யார் என்று அதில் இல்லை. உங்கள் பெயரில் விற்றால், அவர் வாங்குபவரிடம் அள்ளிவிட்ட வாக்குறுதிகளும் உங்கள் தலையில் விழலாம். கதைத்துப் பாருங்கள், சதவீதம், குறைந்த விலை, விற்கும்வரை லாய வாடகை யார், கால் முறிந்தால் யார், அவர் என்ன சொல்லலாம் என்ன சொல்லக் கூடாது, இத்தனையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சம்மதித்தால் அவர் தரகு வேலைக்குத் தகுதியானவர். பத்து வருடப் பழக்கத்தில் எழுத்து எதற்கு என்றால், பழக்கம் நீடிக்கட்டும், தரகு வேண்டாம்.

பார்க்க வருகிற நாள்

இன்னும் விற்காத குதிரை யாரையாவது தள்ளி விழுத்தினால், சிவில் சட்டக்கோவையின் 833ஆம் பிரிவின்படி குதிரையை வைத்துப் பராமரிப்பவர் தன் தவறு இல்லாமலே பொறுப்பு. குதிரைக் காப்புறுதியில் பிற ஆட்கள் ஏறுவதும் அடங்குமா என்று விளம்பரம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் மகளோ பயிற்சியாளரோ ஏறிக் காட்ட வேண்டும், பிறகுதான் வந்தவர். தலைக்கவசம் இல்லாதவரை ஏற்ற வேண்டாம். இரண்டு வாரம் எங்கள் லாயத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பவருக்கு எழுத்தும் காப்புறுதியும் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பரிசோதனை வைத்தியரை வாங்குபவரே தெரிவு செய்து, அவரே பணம் கட்டட்டும். உங்கள் வைத்தியர் வேண்டாம். நான் ஒரு முறை கட்சிக்காரருக்காகப் போய் நின்றிருக்கிறேன். வைத்தியர் பின்னங்காலைத் தூக்கி மடக்கி ஒரு நிமிடம் அளவில் பிடித்திருப்பார். விட்ட கையோடு கல் பதித்த முற்றத்தில் குதிரையைத் துள்ளு நடையில் ஓட்ட வேண்டும். அப்போது யாரும் குதிரையின் அழகைப் பார்ப்பதில்லை, எல்லாரும் தலையைக் குனிந்து காது கொடுக்கிறார்கள். லாடம் டக் டக், டக் டக் என்று இரட்டைத் தாளமாக விழ வேண்டும். ஒன்று அமுங்கினால் முற்றத்தில் விலை இறங்குவது காதில் கேட்கும். இரத்தமும் எடுத்து முத்திரை வைத்துக்கொள்வார்கள். வலிமாத்திரை கொடுத்து ஓட்டினார்கள் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அதுவும் உங்களுக்குப் பாதுகாப்பே.

காசு விஷயம் சுருக்கமாக. வங்கிக் கணக்கில் விழுந்ததை உங்கள் தொலைபேசியில் நீங்களே பார்த்த பிறகு குதிரை வண்டியில் ஏறட்டும். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷொட் காசு இல்லை. கைக்காசுதான் என்றால் வங்கிக்குள் வைத்து எண்ணுங்கள். தவணை வேண்டாம், மூன்றாம் மாதம் குதிரை நொண்டினால் நாலாம் தவணை வராது. பார்க்காமலே கூடுதல் தொகைக்கு காசோலை அனுப்பி, மிச்சத்தை 'ஏற்றிச் செல்லும் கம்பனிக்கு' கட்டச் சொல்பவர் வெறும் மோசடிக்காரர். ஏற்றிய நாளின் தேதி, நேரம், பாஸ் கொடுத்தது, சான்று கொடுத்தது எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். சங்கத்துக்கும் காப்புறுதிக்கும் அன்றே அறிவியுங்கள்.

இனி மகள். இரவில் லாயத்தில் போய் இருந்து அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் விற்பதையே மறுக்கிறாரா, அல்லது அவரைக் கேட்காமல் விற்பதை மறுக்கிறாரா என்று கடிதத்தில் தெரியவில்லை. ஆறு வருடப் படிப்புக்கு 420 யூரோ மாதம் மாதம் என்றால் 30,000 யூரோவைத் தாண்டும். அந்தக் கணக்கை அவரோடு இருந்து போடுங்கள், பின்னால் நின்று போடாதீர்கள். குதிரையை விற்பதற்குப் பதிலாகக் கொஞ்ச வருடத்துக்கு வேறொருவர் ஏறிச் செலவைப் பொறுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் இவ்வளவு இளம் குதிரைக்கு நல்ல கை வேண்டும், தெரியாதவரிடம் விட்டுக் கெட்டால் விலையும் போகும். நான் விற்பதன் பக்கம்தான் சாய்கிறேன்.

விற்றாலும் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். வாங்குபவர் பின்னாளில் விற்பதென்றால் முதலில் உங்கள் மகளிடம் கேட்க வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதலாம். அதை மீறி மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால் குதிரையை அவரிடமிருந்து பறிக்க முடியாது, மீறியவரிடம் நட்டஈடுதான் கேட்கலாம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தமும் பார்த்திருக்கிறேன். அதற்காக யாரும் வழக்குப் போட்டதில்லை, படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன.

வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பலாம், பார்த்துத் தருகிறேன். அதற்கு முன் மகளுக்குக் காட்டுங்கள். விற்பவர் என்ற இடத்தில் வரப்போவது அவருடைய பெயர்.